கடப்பா கல்லில் வெள்ளைக் கால்கள்

பகலில் வரும் பேயை அதுவரை நான் சந்தித்ததில்லை. மலேசியாவில், எங்கள் கிள்ளானில் கிடைத்ததெல்லாம் இரவுப் பேய்கள். பழைய எஸ்டேட் லயத்தில் ஒன்று, வாழைத் தோப்பில் ஒன்று, அடுக்குமாடியின் லிஃப்டில் ஒன்று. நாங்கள் ஐந்து பேர். வாரம் முழுக்க வேலைக்குப் போவோம், சனிக்கிழமையானால் பேய் தேடுவோம். இதுவரை ஒரு பேயைக்கூடப் பிடித்ததில்லை. ஆனால் ஒழுகும் குழாய், கூரைக்குள் குட்டி போட்ட பூனை, தானாகத் திறக்கும் கோணல் கதவு என்று நிறையப் பிடித்திருக்கிறோம். அதில் எங்களுக்கு எந்த வெட்கமும் இல்லை. பயந்துபோன ஒரு குடும்பம் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினால் அது எங்கள் கணக்கில் வெற்றிதான்.

நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வாழை இலைக் கடையில் பரிமாறுபவர் சேவியர் அண்ணன். எங்கள் பேச்சையெல்லாம் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறார். நான் விடுமுறைக்கு இந்தியா போகிறேன் என்று தெரிந்ததும் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, எங்க ஊரு மரக்காணம். வீட்டுல எங்க அம்மா வர்றாங்களாம்."

"நல்லதுதானே அண்ணா?"

"அம்மா செத்துட்டாங்க."

கரண்டியைக் கையில் பிடித்தபடியே மீதியையும் சொன்னார். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததிலிருந்து நடுப்பகலில் வீட்டுத் தரையில் வெள்ளையாகக் காலடிகள் வருகின்றனவாம். சாயங்காலம் மறைந்துவிடுகின்றனவாம். வீட்டைப் பூட்டிவிட்டு, இவர் மனைவி மேரியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று ஊரில் இருக்கும் இவருடைய அண்ணன் சொல்கிறாராம். மேரி மாட்டேன் என்கிறாராம். "நான் என்ன சொல்றதுன்னே தெரியல. நீ போய்ப் பாத்துச் சொன்னா நம்புவேன்" என்றார். ஒரு பிஸ்கட் டின்னும் கோடாலித் தைலமும் அடங்கிய பொட்டலத்தோடு நான் கிளம்பினேன். எங்கள் குழுவில் முதன்முதலாக வெளிநாட்டு விசாரணைக்குப் போவது நான்தான் என்று மற்ற நான்கு பேரிடமும் பலமுறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் பஸ். ஜன்னல் காற்றில் தூங்கிப்போனேன். விழித்தபோது கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மரக்காணம் மரக்காணம்னு தொண்ட கிழிய கத்துனேனே, தூங்கினா இருந்த?"

"கடந்து போயிருச்சா?"

"எப்பவோ."

இறக்கிவிட்ட இடத்தில் ஒரு கடைகூட இல்லை. சாலைக்கு ஒரு பக்கம் சவுக்கு, மறுபக்கம் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி வைத்ததுபோல் உப்புப் பாத்திகள். வரப்போரம் ஓலை போர்த்திய உப்புக் குவியல்களைத் தூரத்துக் குடிசை வரிசை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் ஊரில் உப்பு பிளாஸ்டிக் பையில் பிறக்கிறது. இங்கே அது தரையில் கிடந்தது, வானத்தைப் பார்த்துக்கொண்டு. புதுச் செருப்போடு திரும்பி நடந்ததில் வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, கொப்புளம். பாதி வழியில் மீன் பெட்டிகள் ஏற்றிய ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஐஸ் உருகி உடையெல்லாம் மீன் வாடை. மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கிப் பாதத்தில் ஒட்டிக்கொண்டு, அந்த வாடையோடுதான் பேயைப் பார்க்கப் போனேன்.

மேரி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. உப்பளத்தில் வேலை, வெயிலில் வாட்டிய முகம், நேர் பார்வை. பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தார். "தைலம் அனுப்புனாரா? ஆளு வர மாட்டாரா?" என்று சிரித்துவிட்டு வாசலில் இருந்த நீல பிளாஸ்டிக் டப்பைக் காட்டினார்.

"செருப்ப அங்கயே வுட்டுட்டு, ரெண்டு காலையும் இதுல முக்கிட்டு வா பாப்பா. பேய்க்கு ஆவாது."

டப்பில் தண்ணீர் கனமாக, கொழகொழவென்று இருந்தது. அதன் கதை பிறகு தெரிந்தது. கோயில் உபதேசியார் வாசலில் தெளிக்கச் சொல்லி ஒரு சிட்டிகை மந்திரித்த உப்பு கொடுத்திருக்கிறார். தெளித்தால் போதுமா, காலை நனைத்தால்தானே கூடவே வந்த எதுவும் வெளியே நிற்கும் என்று சொந்தக்காரர்கள் அதை ஒரு டப் தண்ணீராக்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிய உப்பைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். எதிர்வீட்டு அம்மா தன் பங்குக்குத் திருஷ்டி சுற்றிய உப்பைப் போட்டிருக்கிறார். தண்ணீர் பக்கத்து உப்பளக் கால்வாயிலிருந்து. மூன்று மதமும் ஒரே டப்பில். நான் பயபக்தியோடு காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வீடு சின்னதுதான், ஆனால் கம்பீரமான வீடு. தரை முழுக்கக் கறுப்புக் கடப்பா கல். "வானூர் போய் ஒவ்வொரு கல்லா தட்டிப் பாத்து எடுத்தது நான். மேஸ்திரி கெஞ்சுனாரு, போதும்மா வுட்டுடும்மானு" என்றார் அக்கா. அவர்கள் வரிசையில் முதல் கான்கிரீட் வீடு அதுதானாம். மகன் புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி ஐ.டி.ஐ. படிக்கிறான். வீட்டில் இப்போது அக்கா மட்டும்.

நெத்திலி வறுவலும் மாங்காய் போட்ட மீன் குழம்பும் வைத்தார். குழம்பில் உப்பு சற்றுக் கம்மி. உப்பு ஊரில் இப்படியா என்று கேட்டேன். "நாள் பூரா உப்புலயே நிக்கிறோம். சோத்துலயாவது கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்" என்றார்.

சாப்பிடும்போதே விஷயத்துக்கு வந்தார். மாமியார் கடைசிக் காலத்தில் எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொண்டது இவர். முப்பதாம் நாள் பூசைக்கு வீடு நிறைய ஆள். மறுநாள் உச்சி வேளையில் பின்வாசலிலிருந்து மாமியாரின் அறை வரைக்கும் வெள்ளைக் காலடிகள். வலது காலில் கட்டைவிரல் மட்டும் தனியாக விலகி நின்றது. மாமியாரின் கால் அப்படித்தான் இருக்குமாம்.

"அந்தக் காலுக்கு நாந்தான் தெனம் தைலம் தேச்சேன். எனக்குத் தெரியாதா? பாத்ததும் தெரிஞ்சிடுச்சி."

"பயந்துட்டீங்களா?"

"கெழவி வந்தா நான் ஏன் பயப்படணும்? ஊரு என்ன பேசுது தெரியுமா? நான் சோறு தண்ணி சரியா குடுக்கலையாம். அதக் கேக்கத்தான் வர்றாளாம்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பேயி இருந்துட்டுப் போவட்டும் பாப்பா. எம் பேரு கெட்டுப்போச்சே. இப்ப இந்த வீட்ட வுட்டுப் போனேன்னா, ஆமா நான் செஞ்சது தப்புதான்னு ஆயிடும்."

அவருக்கு எது முக்கியம் என்று அந்த வார்த்தையில் எனக்குத் தெரிந்துபோனது. சேவியர் அண்ணனின் அண்ணன் சவரிமுத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பேசி வைத்திருந்தார். எனக்குக் கிடைத்தது நடுவில் இருந்த ஒரே ஒரு சனிக்கிழமை.

கிள்ளானிலிருந்து கொண்டுவந்த, மின்காந்தம் அளக்கும் டிவி ரிமோட் அளவுக் கருவியை அன்று மாலையே எடுத்துச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே போனேன். மாமியாரின் அறையில் அது விடாமல் கத்தியது. ஜன்னலில் நின்று பார்த்த நூர்ஜஹான் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வயரெல்லாம் பச்சை பூத்து, ஈரத்தில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. "ஒரு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்கக்கா, பேயவிட இது ஆபத்து" என்றேன். அந்த ஊரில் என் மதிப்பு சற்று இறங்கியது.

இரவு ஒன்றும் நடக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை நூர்ஜஹான் அக்கா இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொண்டுவந்தார். "பசியாறுனியாம்மா?" என்றார். எனக்குச் சட்டென்று கிள்ளான் வந்துவிட்டது. காலைச் சாப்பாட்டை நாங்களும் அப்படித்தான் சொல்வோம். சென்னையில் நான் அப்படிச் சொன்னபோது ஒருவருக்கும் புரியவில்லை. கடல் தாண்டிப் போய், நம் வீட்டு வார்த்தையை அடுத்தவர் வாயிலிருந்து கேட்பது தனி சுகம்.

நிலப் பக்கத்திலிருந்து சூடான மேல்காற்று வீசத் தொடங்கியது. வாசலில் கூட்டம் சேர்ந்தது. தினமும் சீரியல் பார்ப்பதுபோல் அந்த நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள் போலும். வெயில் ஏறஏறக் கறுப்புக் கல்லில் தூசுபோல் ஏதோ படர்ந்தது. பிறகு ஒரு குதிகால். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. ஒளித்துச் சொல்ல மாட்டேன், என் கழுத்து முடி நிமிர்ந்து நின்றது. ஐந்து வருடம் பேய் தேடியவள் நான். அப்படி ஒன்று என் கண் முன்னாலேயே வளர்ந்து வருவதை அன்றுதான் பார்த்தேன்.

"மொதல்ல ஒருத்தி வந்தா. இப்ப குடும்பத்தோட வர்றாங்க" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"இது புதுசு பாரு. சின்னக் காலு. கொமரிப் பொண்ணு" என்று நூர்ஜஹான் அக்கா காட்டினார்.

குனிந்து பார்த்தேன். வாசலிலிருந்து நேராக நான் படுத்த அறைக்குப் போயிருந்தது அந்தச் சின்னக் கால். வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, சதுரமாக ஒரு திட்டு மற்ற இடத்தைவிட வெள்ளையாகத் தடித்திருந்தது. அதே இடத்தில் என் காலில் பிளாஸ்டர்.

அந்தக் குமரிப் பொண்ணு நான்தான்.

விரலை வைத்துத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"யா அல்லா, இந்தப் பொண்ணு பேய நக்குது" என்றார் நூர்ஜஹான் அக்கா.

உப்பு. ஆனால் உடனே அறிவிக்கவில்லை. மரக்காணத்தில் எதை நக்கினாலும் உப்புக் கரிக்கும். ஆவியின் அறிகுறி என்று யாராவது ஒன்றைச் சொன்னால், அது ஆவி இல்லாமலும் வருமா என்று வரவழைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். வரவழைக்க முடிந்தால் அது அறிகுறி இல்லை. முடியவில்லை என்றால் தலை வணங்கிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்வோம். உண்மையாகவே நான் அந்த நாற்காலிக்காகத்தான் இத்தனை வருடம் அலைகிறேன். ஆவியே இல்லை என்று சாதிப்பது என் நோக்கமே இல்லை. வந்தால் அது யாருடையது என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறாக ஒரு பெயரைச் சொல்வது செத்தவருக்கும் அவமரியாதை, இருப்பவருக்கும் அநியாயம்.

மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பியது. சாயங்காலத்துக்குள் ஈரக்காற்று பட்டுப் பட்டு எல்லாக் கால்களும் கரைந்து, தரை கறுப்பாகிப் பிசுபிசுத்தது. கூட்டம் போனதும் மேரி அக்காவிடம் மட்டும் சொன்னேன். வலது காலை டப்பில் நனைத்தேன். இடது காலை உப்பில்லாத கேன் தண்ணீரில் நனைத்தேன். சமையலறையிலிருந்து பின்வாசல் வரை நடந்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒத்தக் காலு வந்தா?"

"வந்தா நீங்க ஜெயிச்சீங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் சவரிமுத்து மாமா வந்தார். முதல் காலடி தெரிந்ததிலிருந்து அடிக்கடி சாயங்காலத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம். அடுத்த தெருவில் ஐஸ் கடை வைத்திருப்பவர், கனத்த ஆள். டப்பில் காலை முழங்கால் வரைக்கும் நனைத்தார். ஒவ்வொரு அறையாகப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். மாமியாரின் அறையில் நெடுநேரம் நின்றார்.

"ஏம்மா மேரி, நாளைக்கு வண்டி வருது. அடம் புடிக்காத. ஊருல என்னத்தான் கேக்குறாங்க."

"உங்கள என்ன கேக்குறாங்க மாமா?"

"தம்பி பொண்டாட்டிய பேய் வீட்டுல வுட்டுட்டு நீ என்னடா பண்றேன்னு."

"சரி மாமா. நாளைக்குப் பூச முடிஞ்சி இங்க வந்து ஒரு வாய் காபி குடிங்க. அப்பறம் பேசலாம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. போகும்போது என்னிடம், "உங்க ஊருல பேய்க்குப் பரோட்டா புடிக்குமா, இடியாப்பம் புடிக்குமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போனார்கள். நான் மட்டும் தரையைக் காவல் காத்தேன். மேல்காற்று அன்று நன்றாகவே வீசியது. சமையலறைப் பாதையில் ஒரு கால் வந்தது. வலது. அடுத்தது எங்கே என்று தேடினால், அதுவும் வலது. வீட்டுக்குள் ஒற்றைக் காலில் ஒரு பேய் நொண்டியடித்துப் போயிருந்தது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். கிள்ளானுக்குப் படம் அனுப்பினேன். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்வது திரையில் தெரிந்தது. அதைப் போன்ற பெருமை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

பூசை முடிந்து வந்த மேரி அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அந்த ஒற்றைக் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"மேக்காத்து அடிச்சா உப்பு வெளையும், கடக்காத்து வந்தா நீத்துப்பூடும். பாத்தியில தெனம் பாக்குறவ நான். இந்தத் தெருவே பாக்குது. வீட்டுக்குள்ள வெளஞ்சத மட்டும் பேயின்னுட்டோமே."

"முதல் நாள் வந்தது எப்படிக்கா? அப்ப டப்பு கிடையாதே."

யோசித்தார். "முப்பதாம் நாளு பைப்புல தண்ணி வரல. வந்தவங்க கால் கழுவ, கால்வாத் தண்ணிதான் பின்னால தொட்டியில ரொப்பி வெச்சேன்."

எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. அந்த விலகிய கட்டைவிரல். இன்றும் அது வந்திருந்தது. வாசலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும், மாமியாரின் அறையில் நெருக்கமாகப் பலமுறை. அதை மட்டும் நான் வரவழைக்கவில்லை. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். நேற்று மாலை யார் எல்லா அறைக்கும் போனது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காபிக்குப் பால் வைக்கப் போய்விட்டார்.

சவரிமுத்து மாமா வந்தபோது கூட்டமும் வந்திருந்தது. வண்டி தெருமுனையில் நின்றது. எல்லோரும் கேட்க நான் விஷயத்தைச் சொன்னேன். ஒற்றைக் காலைக் காட்டினேன். எதிர்வீட்டு அம்மா தன் காலை ஒரு வெள்ளைக் காலின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அட, நானு" என்றார். நூர்ஜஹான் அக்காவும் தன்னுடையதைக் கண்டுபிடித்தார். பேயாக இருந்தவர்களெல்லாம் தங்கள் தங்கள் கால்களைத் தேட ஆரம்பித்தார்கள். எதிர்பாராத சந்தோஷம் ஒன்று வீட்டில் பரவியது.

"மாமா, நீங்க?" என்றார் மேரி அக்கா.

"நான் எதுக்கு?"

"வெச்சித்தான் பாருங்களேன்."

மாமியாரின் அறை வாசலில், விலகிய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அவர் வலது காலை வைத்தார். விரல் விலகித்தான் இருந்தது. கொஞ்சமும் வித்தியாசமில்லை. யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப இத்தன நாளா நானா?" என்றார் அவர்.

"அம்மா காலு உங்களுக்கு அப்படியே இருக்குது மாமா" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "இதோ பாருங்க, வாசப்படி, கூடம், ரூமு, கட்டிலண்ட. அத்த படுத்திருந்த இத்தன மாசத்துல நீங்க இந்த ரூமுக்குள்ள இத்தன தடவ வந்ததில்ல."

தெரு முழுக்க அங்கேதான் நின்றது. மாமா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்து போய், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கிள்ளானுக்கு அடித்தார். சத்தமாகப் பேசும் வழக்கமுள்ளவர், எல்லோருக்கும் கேட்டது.

"டேய் சேவியரு. வீட்டப் பூட்ட வேணாம்டா. அம்மா வரல. நாந்தான் வந்துனு இருந்தேன்." நிறுத்தினார். "இல்லடா, குடிக்கல. மேரி நல்லாப் பாத்துக்கிச்சி. அம்மாவ நல்லாத்தான் பாத்துக்கிச்சி. நாந்தான் வரல. ஊருல எவனாவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

மேரி அக்கா அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தாரோ. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போனைக் கேட்டு வாங்கினார். தட்டித் தட்டி எடுத்த கறுப்புக் கல்லின் நடுவில், நிமிர்ந்து நின்றார்.

"கேட்டீங்களா? நான் எங்கயும் போவல. எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கேன். உங்களுக்கு வீட்டப் பாக்கணும்னா, ஆள வுட்டுக் கேக்காம நீங்க வாங்க."

தெருமுனையில் குட்டியானை வண்டி காலியாகத் திரும்பும் சத்தம் கேட்டது.